குளிரில் தோல் வெடிக்கிறதா? முதலில் எதை நிறுத்துவது, அப்புறம் எதைப் பூசுவது

கருப்பு சாக்ஸைக் கழற்றி உதறினால் உள்ளேயிருந்து மாவு போல வெள்ளைத் துகள் கொட்டுகிறதா? முகம் கழுவி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா? சட்டைப் பொத்தான் போடும்போது விரல் மூட்டில் இருக்கிற சின்ன வெடிப்பு பிளந்து சுரீர் என்கிறதா? எனக்கு வருடா வருடம் குளிர் தொடங்கியதும் இதே பாடுதான். ஒவ்வொரு கிரீமாக மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்துப் பல வருடம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. தோலுக்குச் செய்துகொண்டிருந்த நாலைந்து காரியங்களை நிறுத்திய பிறகுதான், பூசியது எதுவாக இருந்தாலும் வேலை செய்யவே ஆரம்பித்தது.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து தட்டையான செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்த கொழுப்புக் கலவை நடுவே இருக்கும் சாந்து. உடம்பின் பெரும்பாலான இடங்களில் இந்தச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே ஆவியாகாமல் காப்பது அந்தச் சாந்துதான். குளிர்காலத்தில் காற்று இதற்கு எதிராக வேலை செய்கிறது: 0 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது, 20 டிகிரியில் அதே காற்று 17 கிராம் வரை தாங்கும். வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் சூடேறும்போது அதில் இருப்பது அதே 5 கிராம் ஈரம்தான், தாகம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்தத் தாகத்தை அது உங்கள் கன்னத்திலும் காலிலும் தீர்த்துக்கொள்ளும்.

சாந்து உதிர்ந்த இடத்தில் தண்ணீர் வெளியே போவது ஒரு பக்கம், வெளியில் இருப்பது உள்ளே நுழைவது இன்னொரு பக்கம். சோப்பு, வாசனைப் பொருள், துணியில் தங்கிய சலவைத்தூள் எல்லாம் அந்த விரிசல் வழியாக உள்ளே இறங்கி நரம்பு முனைகளைத் தொடும்போதுதான் எரிகிறது. கோடையில் ஒன்றும் செய்யாத கிரீம் குளிரில் எரிவது இதனால்தான். உடனே அந்த கிரீமைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவோம், அதுவும் எரியும்.

குளியலில் இருந்து தொடங்குவோம். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து ஆவி பறக்கும் வெந்நீரில் நிற்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு நன்றாகவே தெரியும், அரிக்கிற இடத்தில் சுடுதண்ணீர் படும்போது கிடைக்கிற நிம்மதி வேறு எதிலும் கிடைக்காது, ஆனால் அந்த நிம்மதி பத்து நிமிடம், அதற்கு அப்புறம் வருகிற அரிப்பு ராத்திரி முழுக்க. சாந்தைக் கழுவிக்கொண்டு போவதில் சோப்புக்கு அடுத்தபடி சூடான தண்ணீர்தான். வெதுவெதுப்பு போதும். வெளியே வரும்போது தோல் சிவந்திருந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், நாளைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து.

சோப்பு உடம்பு முழுக்கத் தேவையே இல்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம் போதும். கை, கால், முதுகுக்கெல்லாம் வியர்த்து அழுக்காகாத நாளில் வெறும் தண்ணீரே தாராளம். வழக்கமான கட்டிச் சோப்பின் பிஹெச் (அமில-காரத் தன்மை) அளவு 9 முதல் 10 வரை, அதாவது காரம், தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். அந்த அமிலத்தன்மை இருந்தால்தான் செராமைடை உருவாக்கும் நொதிகள் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் சிண்டெட் (சோப்பு இல்லாமல் மென்மையான செயற்கைச் சலவைப் பொருளால் செய்தது) வகைக் கட்டியோ, சோப்பு கலக்காத க்ளென்சரோ, வாசனை சேர்க்காததாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நுரை கம்மியாகத்தான் வரும். பரவாயில்லை, நுரை வந்தால்தான் சுத்தம் என்பதில்லை. தேய்க்கும் நார், ஸ்க்ரப் இரண்டையும் குளிர் முடியும்வரை ஓரமாக வைத்துவிடுங்கள். செதில் செதிலாகப் பொரிந்திருப்பதைத் தேய்த்து எடுத்தால் அன்றைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் உரிந்தது பழுதான சுவரில் மிச்சமிருந்த செங்கல்.

குளித்து முடித்ததும் வருகிற மூன்று நிமிடம்தான் இந்த விஷயத்திலேயே முக்கியமானது. துண்டால் அழுத்தித் துவட்டாமல் ஒற்றி எடுங்கள், தோலில் லேசாக ஈரம் மினுமினுக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கிரீம் மேலே ஏறிவிட வேண்டும். தோல் அப்போதுதான் தண்ணீரைக் குடித்து மெத்தென்று இருக்கிறது, மூடி போடாமல் விட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், முன்பைவிட அதிகமாகவே இழுத்துப் பிடிக்கும். நான் கிரீம் டப்பாவைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தால் எனக்குக் கிடைத்த பலன் எந்த விலை உயர்ந்த கிரீமிலும் கிடைத்ததில்லை.

எதைப் பூசுவது? லோஷனில் தண்ணீர்தான் அதிகம், கிரீமில் எண்ணெய்ப் பங்கு கூடும், ஆயின்ட்மென்ட் கிட்டத்தட்ட முழுக்கவே கொழுப்பு. பம்ப்பை அழுத்தினால் வழிந்து ஓடுகிற லோஷன் கோடைக்குச் சரி. குளிருக்கு, விரலால் தோண்டி எடுக்கிற மாதிரி கெட்டியாக இருப்பதைத் தேடுங்கள். பொருள் பட்டியலில் கிளிசரின் இருக்கிறதா பாருங்கள், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்) அல்லது டைமெத்திகோன் (ஒருவகை சிலிக்கோன்) இருக்கிறதா பாருங்கள், அது மூடி போடும். செராமைடு இருந்தால் நல்லது. கிளிசரின், ஹையலுரானிக் அமிலம் மாதிரி ஈரம் இழுப்பவற்றை மட்டும் தனியாகப் பூசி அப்படியே வறண்ட அறையில் உட்கார்ந்தால் போதாது, மேலே மூடுவதற்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூடி போடுவதில் இன்றைக்கும் பெட்ரோலியம் ஜெல்லியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1872-இல் காப்புரிமை பெற்ற பொருள் அது, இத்தனை வருடத்தில் எத்தனையோ புதுச் சரக்கு வந்துவிட்டது, ஆனாலும் தோலிலிருந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு ஈடாக ஒன்று வரவில்லை. வாசனை இல்லாத சுத்தமான ஜெல்லி ஒவ்வாமை தருவதும் மிக அரிது. ஆனால் அது தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைக் காக்கும், அதனால் காய்ந்த தோலில் தடவி ஏமாறாதீர்கள். எண்ணெய்க்கும் இதே கதைதான். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் ஈரத் தோலில் பலருக்கு ஒத்துப்போகும். ஆலிவ் எண்ணெயை மட்டும் வறண்ட தோலுக்கு நான் சொல்ல மாட்டேன், அதில் நிறைய இருக்கும் ஒலேயிக் அமிலம் அந்தச் சாந்தைக் கலைக்கக்கூடியது.

யூரியா கலந்த கிரீம்கள் அருமையானவை. 5 முதல் 10 சதவீதம் உடம்புக்கு, 20-க்கு மேல் இருப்பது குதிகால் பித்தவெடிப்பு மாதிரி தடித்த இடத்துக்கு. ஆனால் வெடித்துச் சிவந்த தோலில் யூரியா எரியும், ஆறும்வரை பொறுத்திருங்கள். டப்பாவில் 'அன்சென்ட்டட்' என்று போட்டிருந்தால் வாசனையை மறைக்க இன்னொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம், 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருப்பதை எடுங்கள். 'இயற்கை', 'மூலிகை' என்ற சொற்களை நம்பி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செடிகளிலிருந்து எடுக்கும் நறுமண எண்ணெய்களும் ஒவ்வாமை தருபவைதான். புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் பூசிப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் அப்புறம் முகத்துக்குப் போகலாம்.

அளவில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறோம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான் காணும். உடம்பு முழுக்க மிகவும் வறண்ட பெரியவர் ஒருவருக்கு வாரம் 500 கிராம் வரைகூட ஆகும். அதனால் சின்னக் குப்பியில் வரும் உசத்தியான கிரீமைத் துளித்துளியாகத் தடவுவதைவிட, பெரிய டப்பாவில் வரும் சாதாரண கிரீமை அள்ளிப் பூசுவது எவ்வளவோ மேல்.

இனி கைகள். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, நாள் முழுக்கக் கழுவுவதும் அதைத்தான், அதனால் முதலில் வெடிப்பது கைதான். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் கொஞ்சம் கிரீம், விரல் இடுக்கிலும் நகத்தைச் சுற்றியும் சேர்த்து. மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், அடியில் சோப்பு தங்கி அந்த வட்டம் மட்டும் சிவக்கும். பாத்திரம் கழுவும்போது உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. வெளியே கிளம்பும்போதும் கையுறையைக் கதவைத் தாண்டுவதற்கு முன்னாலேயே மாட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றி, கெட்டியாக ஜெல்லி தடவி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். விரல் மூட்டு வெடிப்புக்கு இதைவிட வேகமாகக் கேட்கும் வைத்தியம் நான் பார்த்ததில்லை, குதிகாலுக்கும் சாக்ஸ் போட்டு இதையேதான் செய்கிறேன்.

உதட்டை நக்காதீர்கள். எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகும், அதில் உள்ள செரிமான நொதிகளும் எரிச்சலைக் கூட்டும். கற்பூரம், மென்தால் போட்டுக் குளுகுளுவென்று இருக்கும் லிப் பாம் வெடித்த உதட்டுக்கு ஆகாது, அதற்கும் வெறும் ஜெல்லிதான்.

முகம் ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் பட்டாலே காந்துகிறது என்றால் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), பழ அமிலங்கள், வைட்டமின் சி சீரம், டோனர், மாஸ்க் எதுவும் வேண்டாம். காலையில் வெறும் தண்ணீர், ஒரு கிரீம், வெளியே போனால் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன். ராத்திரி மென்மையான க்ளென்சர், அதே கிரீம், ரொம்பக் காய்ந்த இடத்தில் மேலே மெல்லிசாக ஜெல்லி (முகப்பரு வருபவர்கள் இந்தக் கடைசியை விட்டுவிடலாம்). குளிர்காலத்தில் சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: புதிய பனித்தரை புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேல்தோல் முழுசாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், மூன்றாம் நாளே மாற்றம் தெரியவில்லை என்று மனம் தளர்ந்து பழைய சீரத்தை எடுத்துவிடாதீர்கள். எரிச்சல் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளி விட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு ஒரு ஈரப்பத மானி வாங்கி வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்ல அளவு. ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வைத்தால் அதன் தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவ வேண்டும், ஈரப்பதம் 60-ஐத் தாண்டினால் பூஞ்சையும் தூசிப் பூச்சியும் பெருகும். ஹீட்டர் காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி உட்காராதீர்கள். கம்பளி உடை உறுத்தினால் உள்ளே பருத்தி. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஜெல்லியும் கெட்டி கிரீமும் ஊறிய துணி, போர்வை, கட்டு எல்லாம் நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும், துவைத்த பிறகும் முழுசாகப் போகாது. கணப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட் பக்கம் அந்தத் துணியோடு போகவே வேண்டாம்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள். வற்றிய ஏரி மண் போலக் கட்டம் கட்டமாக வெடித்து, கோடுகள் சிவந்திருந்தால் அது வெறும் வறட்சி இல்லை, குளிரில் வரும் ஒருவகை எக்ஸிமா (தோல் அழற்சி), மருந்து வேண்டும். யாராக இருந்தாலும் நீர் கசிந்தால், மஞ்சளாகப் பொருக்குத் தட்டினால், வலியோடு சூடாக வீங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தாலும் அப்படித்தான், ஏனென்றால் தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகூட முதலில் அரிப்பாகத் தெரியலாம். பழைய சீட்டில் எழுதிய ஸ்டீராய்டு கிரீம் அலமாரியில் மிச்சம் இருந்தால் அதை நீங்களாக முகத்தில் போடாதீர்கள், கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.