சர்வீஸ் எடுத்த காரை கேட்டுக்கு வெளியே கொண்டுவருமுன்

தச்சநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு செட் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், கரும்புச்சாறு மெஷின் ரோலர் என்று எது வந்தாலும் கடைந்து கொடுப்போம். இதற்கு நடுவில் கார் ஆயில் சம்பும் வரும். சம்ப் என்பது என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தொட்டி. அதன் அடியில் ஒரு போல்ட் இருக்கும், டிரெயின் போல்ட் என்போம், அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். மலைப்பாதையில் கல் இடித்து உடைந்து வருகிற சம்பும் உண்டுதான். ஆனால் அந்த ஒரு போல்ட் ஏறுகிற ஓட்டையின் மரை, அதாவது போல்ட்டைப் பிடித்துக்கொள்கிற சுருள் வரி, போய் வருகிறதுதான் அதிகம். கல் அந்த வேலையைச் செய்யாது, ஸ்பானர்தான் செய்யும். வருகிற வண்டிகளில் பல, தெருமுனை மெக்கானிக்கைப் பார்த்தே அறியாதவை. கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் போகாமல், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு சீல் விடாமல் வாங்கிய வண்டிகள்.

அங்கே கை தேர்ந்த ஆட்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். அவர்கள் கிளட்ச், கியர்பாக்ஸ், ஏசி பக்கம் நிற்பார்கள். ஆயில் மாற்றுவது சின்ன வேலை என்பதால், ஐடிஐ முடித்து இப்போதுதான் சேர்ந்த தம்பியின் கைக்குப் போகும். குற்றால சீசனுக்கு முன்னாலும் பொங்கலுக்கு முன்னாலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, போல்ட்டைக் கையால் பிடித்துப் பொறுமையாக ஏற்ற அந்தத் தம்பிக்கு நேரம் கிடைக்காது. ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து. நான் அவனைத் திட்ட மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று அவன் தலையில் கட்டுகிறவர்களைத்தான் திட்ட வேண்டும்.

அதனால் பார்க்க வேண்டியதை நாமே பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

வண்டியை விடுவதற்கு முன்

சனிக்கிழமை விடாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் விடுங்கள். செவ்வாய் என்றால் நம்ம ஊரில் பாதிப் பேர் வண்டி விஷயத்துக்கு யோசிப்பார்கள், ஷெட் கொஞ்சம் காலியாக இருக்கும். முதல் நாள் வீட்டில் வைத்தே காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, என்ஜின் ஆயில் எந்த கிரேடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு மூன்று, மூன்றரை லிட்டர் அளவில்தான் இருக்கும். இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில் கேட்பார்கள். பிஎஸ்6 டீசலில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் இருப்பதால், அதற்கென்று சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் ஊற்ற வேண்டும். பீப்பாயில் இருக்கிற ஏதோ ஒன்றை ஊற்றினால் உடனே ஒன்றும் தெரியாது, போகப்போக டிபிஎஃப் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

பானெட்டைத் திறந்தால் ஆயில் ஃபில்டர் கண்ணுக்குத் தெரிகிற வண்டியா? அப்படியானால் பழைய ஃபில்டரின் பக்கவாட்டில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். வண்டி திரும்பி வரும்போது அந்தப் பொட்டு அங்கேயே இருந்தால், ஃபில்டர் பில்லில் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஜாப் கார்டு போடும்போது சர்வீஸ் அட்வைசரிடம் மூன்று விஷயத்தை எழுதவே சொல்லுங்கள்: ஆயில் கிரேடும் அளவும், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், பழைய ஃபில்டரை எடுத்துவைக்க வேண்டும் என்பது. வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், பேப்பரில் ஏறினால்தான் ஷெட்டுக்குள் போகும். வாஷர் சில ரூபாய் சாமான்தான். செம்பு அல்லது அலுமினியத்தில் இருக்கும், ஒரு தடவை நசுங்கினால்தான் அடைப்பு பிடிக்கும். பழையதையே திரும்பப் போட்டால் சொட்டும். சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். மரை போவது பெரும்பாலும் இங்கேதான்.

என்ஜின் ஃப்ளஷ், கோட்டிங், ஏதோ ஒரு சின்ன டின்னில் அடிட்டிவ் என்று பட்டியல் நீட்டினால், 'புத்தகத்தில் இருக்கா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வராது.

திரும்ப எடுக்கும்போது

அவசரமே வேண்டாம். வாட்டர் வாஷ் முடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள், சாவியை நீட்டுவார்கள். முதலில் பில்லைப் பாருங்கள். கிரேடு நீங்கள் குறித்ததுதானா, லிட்டர் சரியா, வாஷர் என்று ஒரு வரி இருக்கிறதா. பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

என்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம் இருக்கும். புதிதாக மாற்றிய ஆயில் மேல் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். கீழே இருந்தால் குறைத்து ஊற்றியிருக்கிறார்கள். மேல் கோட்டை நன்றாகத் தாண்டியிருந்தால் அதுவும் நல்லதில்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலில் அடித்து, ஆற்றிய டீ போல நுரை கட்டிவிடும். நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. மிச்சம் பிரீதர் என்கிற, என்ஜினின் காற்றுப் போக்குக் குழாய் வழியாக ஏறி நீலப் புகையாகப் போகும். 'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே அண்ணாச்சி' என்பார்கள். இல்லை தம்பி, வடித்துவிட்டுக் கொடு என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் வெளிர் மஞ்சளாகத் தெரியும், அங்கே கறுப்பாக இருந்தால் கேள்வி கேட்கலாம். டீசலில் மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடினாலே கறுத்துவிடும். அதை வைத்து சண்டைக்குப் போனால் நம் பேச்சுதான் அடிபடும்.

ஆயில் ஊற்றுகிற மூடி இறுகியிருக்கிறதா என்று கையை வைத்துத் திருகிப் பாருங்கள். மூடாமல் விட்டு, பானெட் முழுக்க ஆயில் தெறித்து வந்த வண்டியும் உண்டு. அப்புறம் என்ஜினுக்கு நேர் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டரில் ஆயில் கேன் வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி மறுபடி ராம்ப்பில் ஏற வேண்டும். அடியில் பிளாஸ்டிக் கவர் இருக்கிற வண்டியில் ஆயில் கவரிலேயே தேங்கி நின்றுவிடும், பேப்பர் காய்ந்துதான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கவரை மாட்டுவதற்கு முன்பே ராம்ப்பில் வைத்துக் காட்டச் சொல்வதுதான் ஒரே வழி. அந்தக் கவரின் கிளிப்பில் பாதியைத் தொலைத்துவிடுவதும் வழக்கம். எண்பதில் போகும்போது அடியில் படபடவென்று அடித்தால் அதுதான்.

ராம்ப்பில் ஏற்றிக் காட்டினால், டிரெயின் போல்ட்டை உற்றுப் பாருங்கள். அதன் கழுத்தில் வெள்ளையாக டேப் எட்டிப் பார்க்கிறதா? பைப் வேலைக்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப். என்ஜின் போல்ட்டில் அதற்கு வேலையே கிடையாது. அது இருந்தால், மரை போனது யாருக்கோ தெரியும், தெரிந்தே மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள்.

முதல் ஓட்டம்

சர்வீஸ் எடுத்த அன்றைக்கே திருச்செந்தூருக்கும் மணிமுத்தாறுக்கும் கிளம்ப வேண்டாம். வண்ணார்பேட்டை, பாளை பஸ் ஸ்டாண்டு என்று ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி, ராத்திரி வீட்டில் நிறுத்தி, காலையில் அடியில் பாருங்கள். டிப்ஸ்டிக்கை மறுபடி உருவுங்கள். சொட்டு இல்லை, அளவு குறையவில்லை என்றால் கிளம்பலாம்.

ஐடிலில் நன்றாக நின்ற வண்டி நான்குவழிச் சாலையில் கைவிடுவதற்குக் காரணம் உண்டு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை ஏற்றினால் ரப்பர் மேல் ரப்பர். மெதுவாக ஓடும்போது தாங்கும். வேகம் ஏறி ஆயில் அழுத்தம் கூடும்போது பிதுங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் கிடக்கும்.

எக்ஸாஸ்ட் மேல் கருகிய வாடை முதல் நாள் மட்டும் வந்தால், ஊற்றும்போது சிந்தியதாக இருக்கலாம். இரண்டாம் நாளும் வந்தால் கசிவு. விடாமல் நீலப் புகை வந்தால், அதிகம் ஊற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

சிவப்பு விளக்கு மட்டும் வேறு கதை. அது ஆயில் அளவைக் காட்டுகிற விளக்கு இல்லை, அழுத்தம் போய்விட்டது என்று சொல்கிற விளக்கு. எரிந்தால் ஓரம் கட்டி உடனே அணைத்துவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை, அடுத்த ஊர் வரை என்ற பேச்சே கிடையாது.

பாளையில் ரிட்டையர் ஆன சார்வாள் ஒருவர், டீசல் கார் வைத்திருந்தார். சர்வீஸ் எடுத்த மறுநாள் நாகர்கோவிலில் கல்யாணம். நாங்குநேரி தாண்டியதும் விளக்கு எரிந்திருக்கிறது. மனிதர் ஒழுங்காக ஓரம் கட்டி அணைத்துவிட்டு, சர்வீஸ் அட்வைசருக்குப் போன் போட்டிருக்கிறார். 'சென்சார் கோளாறா இருக்கும் சார், மெதுவா வள்ளியூர் வரைக்கும் ஓட்டிப் போயிருங்க' என்று பதில். வள்ளியூருக்கு முன்னாலேயே என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அந்தச் சம்ப் என் பட்டறைக்குத்தான் வந்தது. போல்ட்டோடு சேர்ந்து, சம்பின் அலுமினிய மரை முழுசாகச் சுருண்டு வந்திருந்தது. அதன் மேல் மூன்று சுற்று வெள்ளை டேப்.

அந்தப் போல்ட் எத்தனை இறுக்கம் வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. சாதாரண 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 35, 40 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் வண்டிக்கு என்ன என்பது அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முழங்கை நீள ஸ்பானரில் ஆள் தொங்கி இறுக்க வேண்டிய சாமான் இல்லை அது. ஃபில்டருக்கு அதுவும் வேண்டாம். ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பர் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று போதும்.

மோசம் நடந்துவிட்டால்

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், யார் சொன்னாலும். ரோட்டில் கிடக்கிற ஆயில், வண்டியின் அடிப்பக்கம், மீட்டரில் கிலோமீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும், கயிறு கட்டி இழுத்து கியரில் போட்டு எழுப்பப் பார்க்கிற நல்லவர்கள் ரோட்டில் வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்கள். தேதி, ஜாப் கார்டு நம்பர், சர்வீஸ் எடுத்தபோது எத்தனை கிலோமீட்டர், நின்றபோது எத்தனை. 'மெயில் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நாம பேசி முடிச்சிக்கிடலாம்' என்று போன் வரும். பேசலாம், பேசியதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களோ உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கோ நேரில் இல்லாமல் என்ஜினைத் திறக்க சம்மதிக்க வேண்டாம். சம்பில் மிச்சமிருக்கிற ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள். 'திருப்தி' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

'இது வாரண்டியில் வராது' என்பார்கள். வராமல் போகட்டும். நீங்கள் கேட்பது வாரண்டி இல்லை, அவர்கள் செய்த வேலையில் இருந்த குறைக்கு ஈடு. இன்சூரன்ஸையும் நம்பி இருக்க வேண்டாம், சாதாரண பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது.

மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கார் கம்பெனிகள் பலவும் அந்தப் புகாருக்குப் பதில் சொல்லிவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் கம்பெனி சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சர்வீஸுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போடலாம், ஆனால் வெளி மெக்கானிக் ஒருவரிடம் காரணத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிச் சேர்த்தால்தான் வழக்கு நிற்கும்.

மரை மட்டும் போய், என்ஜின் தப்பித்திருந்தால் அழ வேண்டாம். சம்பைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே ஸ்டீல் சுருள் வைத்து மரை ஏற்றிவிடலாம். ஹெலிகாயில் என்போம். முன்பிருந்ததைவிட உறுதியாகவே நிற்கும். சம்பைக் கழற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்தே டிரில் போடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், பிசிறு உள்ளே விழுந்தால் ஆயிலோடு சேர்ந்து போகும். எம்-சீல் வைத்து அடைக்கிறேன் என்பவரிடம் அறவே கொடுக்காதீர்கள். லேத்துக்கு அனுப்பும்போது போல்ட்டையும் சேர்த்தே அனுப்புங்கள், அதைப் பார்த்தால்தான் பிட்ச், அதாவது மரைக்கு மரை எத்தனை இடைவெளி என்பது, தெரியும். வழக்குப் போடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் போல்ட்டைத் துடைக்காமல், டேப்பை உரிக்காமல் ஒரு கவரில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதே அளவில் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.