முதலில் மீன், அடுத்து தேங்காய், கடைசியில் சோறு: எடை குறைக்க ஒரு கணக்கு

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது சோற்றில்தான். சோறு பாதியாகும், காலியான இடத்தை அவியலும் தீயலும் (வறுத்த தேங்காய் அரைத்த குழம்பு) பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்தும் எடை அப்படியே நிற்கும். 1 கிராம் மாவுச்சத்திலும் 1 கிராம் புரதத்திலும் 4 கலோரிதான், கொழுப்பில் 9. துருவிய தேங்காய் 100 கிராமில் கொழுப்பு மட்டுமே சுமார் 33 கிராம், மொத்தம் 350 கலோரிக்கு மேல். சோற்றைக் குறைத்து மிச்சம்பிடித்தது தீயலில் திரும்ப வந்துவிடுகிறது.

அதனால் கணக்கைச் சோற்றிலிருந்து தொடங்க வேண்டாம். அதிகம் உடலுழைப்பு இல்லாதவர் கிலோவில் தன் எடையை 28 முதல் 30 வரையான ஓர் எண்ணால் பெருக்கினால், எடை கூடாமல் குறையாமல் இருக்க ஒரு நாளைக்குத் தேவையான கலோரி ஏறக்குறையக் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 2,100 என்று வைத்துக்கொள்வோம். எடை இறங்க அதில் 500 கழித்தால் 1,600. இதற்குள் முதலில் ஒதுக்க வேண்டியது புரதம். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை. 90 கிராம் என்றால் 360 கலோரி. அடுத்து கொழுப்பு 50 கிராம், 450 கலோரி. மீதி 790 கலோரி மாவுச்சத்துக்கு, அதாவது சுமார் 197 கிராம். கடைசியாக வருவதால் சோற்றின் அளவு தானாகவே அடங்கிவிடும்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பிறகே தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது.

இனி தேங்காய். அதை விட்டுவிட்டு இந்த ஊரில் யாரும் நாலு நாள் தாண்டமாட்டார்கள், விடவும் வேண்டாம். நாளுக்கு 45 கிராம் என்று காலையிலேயே துருவி ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள்: புட்டுக்கு 15, மீன்குழம்புக்கும் துவரனுக்கும் (தேங்காய் போட்ட பொரியல்) சேர்த்து 20, இரவுத் துவையலுக்கு 10. அதிலேயே கொழுப்பு 15 கிராம் போய்விடும், பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அளவு மீறினால் இதயத்துக்கு ஆகாத வகை. உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 1,600 கலோரியில் அது 17, 18 கிராம்தான். ஆகவே தேங்காய் சேர்க்கிற நாளில் தாளிப்பு கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இருக்கட்டும், அதுவும் ஒரு டீஸ்பூன். தேங்காயெண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்று காலையில் ஒரு மேசைக்கரண்டி குடிப்பவர்கள் வெறும் வயிற்றில் 120 கலோரியைக் கூடுதலாக ஏற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

புரதத்துக்கு இங்கே குறையில்லை. சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்தோலி (நெத்திலி) எதுவானாலும் சுத்தம் செய்த 100 கிராமில் 18 கிராமை ஒட்டிப் புரதம் வரும். தலை, குடல், முள் போக மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல்தான் என்பதால், சந்தையில் கால் கிலோ வாங்கியதை கால் கிலோ என்றே எழுதிவிடாதீர்கள். சாளையில் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். வெட்டும்போது கையில் எண்ணெய் ஒட்டுகிற மீன் கிடைத்தால் அன்று குழம்புத் தேங்காயைக் குறைக்கலாம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். மீன் விலை ஏறும் அந்த நாட்களில் முட்டை (ஒன்றில் 6 கிராம்), கறுப்புக் கடலை (கொண்டைக்கடலை), சிறுபயறு கைகொடுக்கும். கடலை, பயறு இரண்டிலும் புரதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாவுச்சத்து உண்டு. பயறு கூடினால் சோறு குறைய வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நாள் இப்படிப் போகும். காலையில் 40 கிராம் அரிசி மாவில் புட்டு, 50 கிராம் (ஊறுவதற்கு முன்) கடலையில் கறி, அவித்த முட்டை இரண்டு. மதியம் 60 கிராம் அரிசிச் சோறு, சுத்தம் செய்த 150 கிராம் சாளைக் குழம்பு, கீரையோ பயற்றங்காயோ துவரன். மாலையில் 100 மில்லி பாலில் சர்க்கரை இல்லாத தேநீர், ஒரு மட்டிப்பழம் (சிறிய வாழைப்பழம்). இரவு 30 கிராம் அரிசியும் 50 கிராம் சிறுபயறும் போட்ட கஞ்சி, துவையல், 150 கிராம் தயிர், இரண்டு முட்டையின் வெள்ளை. கூட்டினால் புரதம் 90, கொழுப்பு 50, மாவுச்சத்து 200 பக்கம் வரும்.

அரிசி அளவெல்லாம் வேகாத அரிசிக்கு. பலருக்குக் கணக்கு தவறுவது இங்கேதான்: 60 கிராம் அரிசி வெந்தால் 150 கிராமைத் தாண்டிவிடும், 60 கிராம் சோறு என்று எடுத்தால் மூன்று மணிக்கே பசிக்கும். பசித்தால் கை நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குப் போகும். அதில் 50 கிராம் 250 கலோரியைத் தாண்டும். சிவப்புச் சம்பா அரிசியில் நார் கூடுதல், ஆனால் கலோரி வெள்ளை அரிசிக்கு ஏறக்குறைய சமம். சிவப்பு என்பதற்காக ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்ள வழியில்லை.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) ஆசையை அடக்க வேண்டாம். மதியச் சோற்றுக்குப் பதில் அவித்த மரச்சீனி 120 கிராம், மாவுச்சத்து ஏறக்குறைய சரிசமம். வழக்கமான ஒரு தட்டில் 300 கிராம் இருக்கும், அதில் 110 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதமோ 4 கிராம். கிழங்கு குன்றாகவும் மீன் ஓரமாகவும் இருக்கிற தட்டைத் திருப்பிப் போடுங்கள்: மீன் நிறைய, கிழங்கு கொஞ்சம். அவித்த தண்ணீரைக் கொட்டுவது கிழங்கின் நச்சுக்காக. கலோரி அதில் போவதில்லை.

முதல் வாரத்திலேயே ஒன்றரை கிலோ இறங்கினால் பூரிக்க வேண்டாம். மாவுச்சத்து குறையும்போது உடலில் சேமித்திருந்த கிளைக்கோஜனும் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுகின்றன. ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்தால் அந்தத் தண்ணீர் மறுநாளே திரும்பிவிடும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள். மூன்று வாரம் சராசரி அசையவில்லை என்றால், முதலில் தேங்காய்க் கிண்ணத்தை மறுபடி தராசில் வையுங்கள், அது தெரியாமலே 70 கிராமாகியிருக்கும். அது சரியாக இருந்தால் மதிய அரிசியில் 25 கிராம் குறையுங்கள், கிட்டத்தட்ட 90 கலோரி. அதன் பிறகு இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போகலாம்.