புரட்டாசியிலேயே மழைநீர்க் குழியைத் திறந்து பாருங்கள்

2003-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு, எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. செய்யாத வீடுகளில் உள்ளாட்சியே செய்துவிட்டு, செலவைச் சொத்து வரி மாதிரி வசூலிக்கும் என்றதும் சென்னை முழுக்க, மாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்கக் குழி தோண்டினார்கள். நல்ல சட்டம், யாரிடமும் அதற்காக வாதாடுவேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழியைத் திறக்காத வீடுகள்தான் அதிகம். எங்கள் திருவான்மியூர் அடுக்ககத்தில் இந்த வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் மொட்டைமாடிக்குப் போய், மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒருவர் நின்று அது எங்கே போகிறதென்று பார்க்கட்டும். சாக்கடைத் தொட்டிக்குள் போனால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள். பெருமழையில் தெருவில் மேன்ஹோல் பொங்குவதற்கு இப்படிச் சேர்கிற மழைநீரும் காரணம்.

குழிக்குள் போகிறதென்றால் மூடியைத் திறந்து மேல் மணலைக் கிளறுங்கள். கறுத்து, வழவழப்பான சேறாக ஏடு படிந்திருக்கும். அந்த ஏடு தண்ணீரை இறங்கவே விடாது. மணல் முழுவதையும் அள்ளிப் புது ஆற்று மணல் போடுங்கள். அடியில் இருக்கும் கூழாங்கல்லையும் ஜல்லியையும் எறிய வேண்டாம், கலங்கல் போகும்வரை அலசித் திரும்பப் போட்டால் போதும். பெரிய ஜல்லி அடியில், கூழாங்கல் நடுவில், மணல் மேலே.

பிறகு குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எங்களுடையது கடற்கரை மணல், கண்ணெதிரே இறங்கிவிடும். களிமண் பகுதியில் அப்படியே தேங்கி நிற்கும். அங்கே குழியின் நடுவில், களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை துளை போட்டுக் குழாய் இறக்க வேண்டும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கிணறு இருந்தால் ஒரு குழாயை வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடுங்கள். முதல் மழை மாடியின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும்; அதை வெளியே விட ஒரு வால்வு வைத்துவிடுங்கள். துணி துவைத்த தண்ணீர் எந்தக் குழியிலும் சேரவே கூடாது. மூடிக்கு அடியில் கொசுவலை கட்டுங்கள். மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் மாடிக் குழாய் வாயில் அடைத்த இலைகளை எடுத்துவிடுங்கள்.