கேம்பிங் போகும்போது வண்டியில் விறகு ஏற்றாதீர்கள்

மே மாதம் பிறந்ததும் எங்கள் டெட்ராய்ட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு கேம்பிங் ஆசை வந்துவிடும். கூடாரம் யார், ஐஸ் பெட்டி யார், மசாலா தடவிய கோழி யார் என்று பிரித்துக்கொள்ளும்போது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எங்க வீட்டுப் பின்னாடி வெட்டிப்போட்ட மரம் சும்மாதான் கிடக்கு, நானே விறகு கொண்டுவந்துடறேன்." நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஷ் என்னும் மரத்தைத் துளைத்துக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டை 2002-இல் எங்கள் பகுதியில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆசியாவிலிருந்து, அநேகமாகச் சரக்கு கட்டிய மரச் சட்டங்களோடு வந்த பூச்சி. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. இங்குள்ள பூர்வகுடி அனிஷினாபே மக்கள் கூடை முடைவதற்கு நம்பியிருக்கும் கருப்பு ஆஷும் அதில் உண்டு. தானாகப் பறந்தால் அந்த வண்டு சில மைல்தான் போகும். இன்று அது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு விறகும் நாற்றுகளும் ஏறிப்போன வண்டிகளுக்கு உண்டு.

"விறகு நல்லாக் காய்ஞ்சிருக்கு, பூச்சி எதுவும் தெரியலையே" என்பார்கள். தெரியாது. அந்த வண்டின் புழு பட்டைக்கு அடியில் இருக்கிறது. செத்த ஆஷ் மரத்தின் பட்டையை உரித்துப் பாருங்கள்: மரத்தின் மேல் வளைந்து வளைந்து ஓடும் தடங்கள், அவற்றுக்குள் இறுக்கி அடைத்த மாவு போன்ற தூள். வண்டு வெளியே வந்த துளை ஆங்கில 'டி' எழுத்து வடிவில் 3 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதுவும் வண்டு வெளியேறிய பிறகுதான் தெரியும். உள்ளே புழு இருக்கும்போதும் வெளிப்பட்டை சுத்தமாகவே இருக்கலாம்.

சரி, விறகுக்கு என்ன செய்வது?

இடம் பதிவு செய்யும்போதே அந்தப் பூங்காவின் விறகு விதியைப் படித்துவிடுங்கள். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் வெளியிலிருந்து கொண்டுபோகும் விறகு, புழு சாகும் அளவுக்கு வெப்பம் ஊட்டிச் சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் வெப்பம் ஊட்டாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. விதி எதுவும் கண்ணில் படாவிட்டாலும், கூடாரம் போடும் இடத்திலிருந்து 10 மைலுக்குள் வெட்டிய விறகு என்றால் நல்லது. 50 மைல்தான் கடைசி எல்லை.

பெரும்பாலான பூங்காக்களில் வாசலிலோ உள்ளே இருக்கும் கடையிலோ விறகுக் கட்டு விற்பார்கள். மிச்சிகன் கிராமப்புறச் சாலைகளில் வீட்டு வாசலில் கட்டுகளை அடுக்கி, பக்கத்தில் ஒரு காசுப் பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் இருந்தால் "இது எங்கே வெட்டியது?" என்று தயங்காமல் கேளுங்கள். அங்கே வாங்குவதால் மட்டும் அது அந்த ஊர் விறகாகிவிடாது. பெட்ரோல் பங்கிலோ பெரிய கடையிலோ வாங்கினால் அட்டையைப் படியுங்கள். 'ஹீட் ட்ரீட்டட்' என்று அரசுச் சான்று முத்திரையோடு இருக்க வேண்டும். வெறும் 'கில்ன் ட்ரைட்' என்றால் ஈரம் போக உலர்த்தியது என்று மட்டுமே பொருள், புழு சாகும் அளவுக்குச் சூடேற்றினார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சாயங்காலம் சுற்றி உட்கார்ந்து சோளம் வாட்ட இரண்டு கட்டு தாராளம். பிரியாணி அண்டாவை விறகில் ஏற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிட்டு கேஸ் அடுப்பு எடுத்துப்போங்கள். கோழி சுடக் கடைக் கரி போதும், கரியில் புழு பிழைக்காது. கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கலாமா என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மிஞ்சிய விறகை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பக்கத்துக் கூடாரத்துக்காரருக்குக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். யாராவது ஏற்கெனவே ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டால் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது, அங்கேயே போட்டுவிட்டு வரவும் கூடாது. முதல் ராத்திரியே முழுவதையும் எரித்துவிடுங்கள். டிக்கியில் உதிர்ந்த பட்டைத் துண்டுகளையும் கூட்டி நெருப்பில் போடுங்கள்.

அப்புறம், பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கம் இருப்பவர்கள் கிளம்பும் முன் மடக்கு நாற்காலியின் கால், கூடாரப் பை, வண்டியின் அடிப்பகுதி எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். காய்ந்த சேறு பூசியதுபோல் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் அது ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளை என்ற, இதேபோல வண்டியேறிப் பரவும் இன்னொரு பூச்சியின் முட்டையாக இருக்கலாம். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, ரப்பிங் ஆல்கஹால் ஊற்றிய ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள்.