பிரிட்டனின் புதிய எம்.பி. ஒருவரைப் பற்றித் தமிழில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

2024 ஜூலை 4 அன்று நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில், மக்களவையின் 650 உறுப்பினர்களில் 335 பேர் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் - போ தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வென்ற உமா குமரன். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழ்ப் பெற்றோருக்குக் கிழக்கு லண்டனிலேயே பிறந்தவர் என்பதால், அவரது வெற்றியைத் தமிழ் ஊடகங்கள் உடனே கொண்டாடின. ஆனால் வெற்றிச் செய்தி வேறு, வாழ்க்கைக் குறிப்பு வேறு. புதிய உறுப்பினர் ஒருவரின் பொதுவாழ்வில் பெரும்பகுதி அவர் வெல்வதற்கு முன்பே கழிந்திருக்கும். எழுதுபவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பகுதியைத்தான். உமா குமரனையே எடுத்துக்காட்டாக வைத்து அதற்கான வழியைப் பார்க்கலாம்.

முதல் வேலையாக, அவர் இதற்கு முன் எங்கேனும் போட்டியிட்டுத் தோற்றிருக்கிறாரா என்று பாருங்கள். உமா குமரன் 2015 மே 7 தேர்தலில் ஹாரோ ஈஸ்ட் தொகுதியில் நின்று, கன்சர்வேடிவ் கட்சியின் பாப் பிளாக்மேனிடம் 4,757 வாக்குகளில் தோற்றார். அன்று அவர் பெற்றவை 19,911 வாக்குகள்; ஒன்பது ஆண்டுகள் கழித்து வென்றபோது பெற்றவையோ 19,145. தோற்றபோது கிடைத்ததைவிடக் குறைந்த வாக்குகளில் ஒருவர் வென்றிருக்கிறார் என்ற இந்த ஒரு தகவல், 'அமோக வெற்றி' என்று எழுதப் பரபரக்கும் கையைச் சற்றே நிறுத்தி வைக்கும். ஹாரோவில் ஏறத்தாழ இருமுனைப் போட்டி, அவரது 40.6 விழுக்காடு போதவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் எதிர் வாக்குகள் பல திசைகளில் சிதறின, 44.1 விழுக்காடு, இரண்டாமிடம் வந்த பசுமைக் கட்சி வேட்பாளரைவிட 11,634 வாக்குகள் கூடுதலாக அவரை முன்னிறுத்தியது.

ஆகவே எண்களை எழுதும்போது வாக்குகள், விழுக்காடு, வித்தியாசம் ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். இவற்றை அந்தந்த உள்ளாட்சி மன்றத்தின் இணையதளத்தில் அதிகாரபூர்வமாகவே காணலாம். வித்தியாசம் சொல்லும் கதை சில சமயம் மற்றெல்லாவற்றையும் விஞ்சிவிடும்: அதே தேர்தலில் ஹெண்டன் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 15 வாக்குகள், நார்த் வெஸ்ட் கேம்பிரிட்ஜ்ஷையரில் 39. இன்னொரு கண்ணியும் உண்டு. 2024 தேர்தலுக்கென்று தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. ஸ்ட்ராட்ஃபோர்ட் - போ அப்போதுதான் உருவான தொகுதி. நியூஹாம், டவர் ஹாம்லெட்ஸ் என்னும் இரண்டு நகராட்சிப் பகுதிகளில் அது பரந்து கிடக்கிறது. எனவே '2019இல் இத்தொகுதியில்' என்று தொடங்கும் எந்த ஒப்பீடும், புதிய எல்லைக்கு ஏற்பக் கணக்கிட்ட மதிப்பீடாக மட்டுமே இருக்க முடியும். அதை அப்படிச் சொல்லியே எழுத வேண்டும்.

தோல்விக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுவது நம்மிடையே காணப்படும் வழக்கமான குறை. பிரிட்டனில் பல அரசியல்வாதிகள் மேடையில் தோன்றும் முன் அலுவலக அறைகளில் உருவானவர்கள். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் பயின்ற உமா குமரன், லண்டன் மேயர் சாதிக் கானிடமும், பின்னர் கியர் ஸ்டார்மர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவரது நாடாளுமன்ற விவகாரப் பிரிவிலும் பணியாற்றினார். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள உலகப் பெருநகரங்கள் ஒன்றுசேர்ந்த சி40 அமைப்பிலும் இருந்தார். ஒவ்வொரு பணிக்கும், அது அவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கக்கூடிய பணி என்று ஒரு வாக்கியமாவது எழுதினால்தான், கட்சி அவரை ஏன் வேட்பாளராக்கியது என்பது வாசகருக்கு விளங்கும்.

'முதல்' என்ற சொல்லைக் கையாளும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உமா குமரனைப் 'பிரிட்டன் நாடாளுமன்றத்தின் முதல் தமிழ்ப் பெண்' என்று பரவலாக எழுதினார்கள். ஆனால் 2015 முதல் உறுப்பினராக இருக்கும் சுவெல்லா பிரேவர்மனின் தாயார், மொரிசியஸில் தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். எந்த அளவுகோலில் முதலாமவர் என்பதையும் சேர்த்து, 'ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த முதல் பெண் உறுப்பினர்' என்பதுபோல எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

பெயர்களிலும் பதவிகளிலும் தமிழாக்கம் காலை வாரிவிடும். தொகுதிப் பெயரின் இரண்டாம் பாதியைப் 'பௌ' என்று எழுதுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் உச்சரிப்பது 'போ' என்றே. (நம் மொழியில் அது விரட்டுவதுபோல் ஒலித்தாலும் வேறு வழியில்லை.) பதவிப் பெயர்களில் நானே சறுக்கியிருக்கிறேன். 'பார்லிமென்டரி பிரைவேட் செக்ரட்டரி' என்பவர் அமைச்சருக்கு உதவும் சாதாரண உறுப்பினர். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. 'பார்லிமென்டரி அண்டர் செக்ரட்டரி' என்பவரோ இளநிலை அமைச்சர். இரண்டையும் 'நாடாளுமன்றச் செயலாளர்' என்று ஒரே வீச்சில் மொழிபெயர்த்து, அமைச்சர் அல்லாத ஒருவரை அமைச்சரவைக்கு அனுப்பிவிட்டேன்.

வெற்றிக்குப் பிந்தைய பகுதிக்கு நாடாளுமன்ற ஆவணங்களே போதும். உறுதிமொழி ஏற்கும் முன் ஒருவர் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ 500 பவுண்டு அபராதம் விதிக்கப்படுவதோடு, அவர் இறந்துவிட்டதாகவே கருதி இடம் காலியாகிவிடும் என்று 1866ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆகவே உறுதிமொழி வெறும் சடங்கன்று. அவையில் அவர் ஆற்றிய முதல் உரையான கன்னிப் பேச்சை, நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் வாசியுங்கள். முன்னவரைப் பாராட்டுவதும் தொகுதியின் பெருமை பேசுவதும் அங்கே மரபு என்பதால், அவற்றைத் தனிப்பட்ட கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபை மீறி அவர் சொன்னது எது என்று தேடுங்கள். ஹன்சார்ட் சொற்களைச் சற்றே செப்பனிடும் என்பதால், மேற்கோள் காட்டும் முன் காணொளியோடு ஒப்பிடுவது நல்லது. நன்கொடைகளையும் வெளி வருமானத்தையும் உறுப்பினர்களின் நிதிநலன் பதிவேடு காட்டும். வாக்களிப்புப் பட்டியலில் பெயர் இல்லாததை எதிர்ப்பாகக் கொள்ளக்கூடாது. நோய், பயணம், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருடன் 'இருவருமே வாக்களிக்க வேண்டாம்' என்று செய்துகொண்ட இணை ஏற்பாடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இத்தனையும் திரட்டிய பின் முதல் பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்: 'உமா குமரன், தொழிற்கட்சியைச் சேர்ந்த பிரிட்டன் அரசியல்வாதி. 2015இல் ஹாரோ ஈஸ்ட் தொகுதியில் தோல்வியுற்ற இவர், 2024 ஜூலையில் ஸ்ட்ராட்ஃபோர்ட் - போ தொகுதியின் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.' இதில் 'தற்போது' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். குழு உறுப்பினர் பதவியும் பொறுப்புகளும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆண்டைக் குறித்து எழுதிய வாக்கியம், பதவி போன பிறகும் பொய்யாகாது.