மதுரையிலிருந்து குளிர்கடல் கப்பலுக்கு: ஆழ்டைவிங் பழக விரும்புகிறவர்களுக்கு முதல் படியிலிருந்து

சோழவந்தானில் மாமா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு ஆள் ஆழம் இறங்கினால் காலில் சட்டென்று சில்லிடும். ஒருநாள் அத்தை தவறவிட்ட பித்தளைச் செம்பை எடுக்கக் குதித்தேன். மாமா பாதாளக் கரண்டி எடுத்துவரப் போயிருந்தார். அதற்குள் நானே எடுத்துவிடலாம் என்ற அவசரம். பாதியிலேயே காதுக்குள் ஊசி இறங்கியதுபோல வலி. வெறுங்கையோடு மேலே வந்தவனைப் பார்த்து, "இறங்குறதுக்கு முன்னாடி ஏறுறத நெனைக்கணும் மாப்ள" என்றார் மாமா. ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ வளைகுடாவில் 35 மீட்டர் ஆழத்தில் அந்தச் சொல் நினைவுக்கு வந்தது.

ஏன் அங்கே போனேன் என்றால், எம்டன்தான் காரணம். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் மீது குண்டு பொழிந்த ஜெர்மன் கப்பல். கெட்டிக்காரப் பயலை இன்றும் 'எம்டன்' என்கிறோமே, அதே கப்பல். அதன் பெயரையே சூட்டிப் பிறகு கட்டிய இன்னொரு எம்டன், போர் முடிந்ததும் ஸ்காபா ஃப்ளோவில் பிரிட்டிஷார் பிடித்துவைத்த 74 கப்பல்களில் ஒன்றாக நின்றது. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகளே தங்கள் கப்பல்களின் வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். 52 கப்பல்கள் மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பிறகு மேலே தூக்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் மூன்று போர்க்கப்பல்களையும் நான்கு குரூசர்களையும் (அவற்றைவிடச் சிறிய, வேகமான கப்பல்கள்) பார்க்கத்தான் உலகமெங்குமிருந்து டைவர்கள் வருகிறார்கள்.

மதுரையிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு வழி இதோ. இரண்டு வருடமாவது ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

படி 1: உடம்பும் நீச்சலும்

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். செவிப்பறையில் ஓட்டை, ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவானாலும் மறைக்காதீர்கள். பிறகு நீச்சல். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் வந்தால்தான் அடிப்படைப் பயிற்சியை முடிக்க முடியும். ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளம் இதற்குப் போதும். மேலூர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும் பழைய கல்குவாரிகள் 'ஆழமாக இருக்கே' என்று ஆசைகாட்டும். தயவுசெய்து அங்கே இறங்காதீர்கள். செங்குத்துப் பாறை, ஏற வழியில்லை, அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

படி 2: சான்றிதழ்கள்

புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதல் பயிற்சி: 18 மீட்டர் வரை. அடுத்த நிலை 30. ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தால் 40. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை அதுதான். ஒவ்வொரு நிலைக்கும் நடுவே நிறைய டைவ் செய்யுங்கள். சான்றிதழை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை.

என் செம்பு கிடைக்காமல் போனதன் காரணம் இங்கேதான் புரிந்தது. வலி வந்த பிறகு காதைச் சரிசெய்ய முடியாது. தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஊதுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை.

படி 3: குளிர்

ஸ்காபா ஃப்ளோவில் கோடைக் கடைசியில்கூடத் தண்ணீர் 13, 14 டிகிரிதான். மார்ச்சில் 6 வரை இறங்கும். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால் உடம்பு நனையாத டிரை சூட் வேண்டும். அதற்குள் காற்று விடவும் வெளியேற்றவும் தனியாகப் பழக வேண்டும். காற்று காலுக்குள் ஏறிக்கொண்டால் தலைகீழாக மேலே போய்விடுவீர்கள்.

10 டிகிரிக்குக் கீழே ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) உறையலாம். 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) அடைத்த காற்று விரியும்போது குளிரும். வால்வு பனிபிடித்துத் திறந்தபடி நின்றுவிடும். காற்று கொட்டோ கொட்டென்று கொட்டும். குளிர்நீருக்கென்று செய்த ரெகுலேட்டரை வாங்குங்கள். படகிலேயே பட்டனை அழுத்தி அழுத்திச் சோதிக்காதீர்கள்.

விரல் மரத்துப்போவதற்கு வீட்டிலேயே பழகலாம். மீன் கடையில் ஐஸ் வாங்கி அண்டாவில் தண்ணீரோடு கொட்டுங்கள். தடிமனான கையுறையோடு கையை உள்ளே வைத்து, கண்ணை மூடி, கொக்கியை மாட்டிக் கழற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் எங்கே என்று தேடுவீர்கள்.

படி 4: காற்றுக் கணக்கு

இதைத்தான் மெதுவாகப் படிக்கச் சொல்வேன். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

12 லிட்டர் சிலிண்டர், 200 பார். மொத்தம் 2,400 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறீர்கள் என்று வைப்போம். 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு. ஆக நிமிடத்துக்கு 80 லிட்டர். 2,400-ஐ 80-ஆல் வகுத்தால் 30 நிமிடம். எல்லாப் புதியவர்களும் இங்கே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது கூட வந்தவரின் காற்று தீர்ந்துவிட்டது. இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்துதான் மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. அடியில் நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 60 × 4 = 240. மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர், ஏறக்குறைய 4 நிமிடம், சராசரி அழுத்தம் இரண்டரை மடங்கு: 600. உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க: 270. கூட்டினால் 1,110 லிட்டர். 12-ஆல் வகுத்தால் 93 பார். அளவுமானி 100-ஐத் தொட்டதும் மேலேற ஆரம்பிக்க வேண்டும். பாதிச் சிலிண்டர் உங்களுடையதே இல்லை. அடியில் உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம்.

இந்த எண்ணை மேலேயே சிலேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே போய் யோசிக்கலாம் என்றால் முடியாது. 30 மீட்டர் தாண்டினால் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும், குடித்தவனைப்போல. கோல்ன் என்ற குரூசர் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் ஓரத்தில் நான் அளவுமானியை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கண்ணை எடுத்ததும் எண் மறந்துவிட்டது. பயமே இல்லை, சந்தோஷமாக இருந்தது, அதுதான் ஆபத்து. சிலேட்டில் நானே எழுதிய 100 கண்ணில் பட்டது. ஐந்து மீட்டர் ஏறியதும் புத்தி தெளிந்தது.

படி 5: கப்பலுக்குள்

முதல் இருபது டைவாவது வெளியிலிருந்தே பாருங்கள். ஸ்காபாவின் போர்க்கப்பல்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. தரை கூரையாகிவிட்டது, வழி தெரியாது. காலில் மாட்டிய துடுப்பின் ஒரு வீச்சில் வண்டல் எழுந்தால் டார்ச் வெளிச்சம் பால்போல் வெளுத்துவிடும். பிறகு பயிற்சியாளரோடு உள்ளே போகும்போது விதி எளிது: காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். டார்ச் மூன்று. கயிறு இல்லாமல் ஒரு முழம்கூட உள்ளே போகக் கூடாது.

கயிறு பிடிக்கப் பழக மொட்டைமாடி போதும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு முடிச்சு, கொடிக் கம்பியில் ஒரு சுற்று, படிக்கட்டுக் கைப்பிடியில் ஒன்று. கயிறு தொய்யாமல் ரீலைச் சுற்றிக்கொண்டு போங்கள். பிறகு துண்டால் கண்ணைக் கட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சுற்றியிருக்க, இழுக்காமல் திரும்பி வாருங்கள். என் அண்ணன் மகள் நடுவில் நாற்காலியைத் தள்ளிவைத்துவிடுவாள். நல்ல பயிற்சி.

ஒரு திருகாணியைக்கூட எடுத்துவராதீர்கள். அதே வளைகுடாவில் 1939-இல் மூழ்கிய ராயல் ஓக் கப்பலில் 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது கல்லறை, அங்கே அனுமதியில்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

படி 6: மேலே வந்த பிறகு

உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள். மதுரைக்காரர்களுக்கு இன்னொன்று: புதுச்சேரியில் டைவ் முடித்த கையோடு கொடைக்கானலுக்கு வண்டி எடுக்காதீர்கள். 2,100 மீட்டர் உயரம். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். மூட்டு வலியோ மரத்துப்போவதோ தெரிந்தால் மேலேறாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அன்றிரவே டைவ் புத்தகத்தில் எழுதுங்கள்: ஆழம், எத்தனை நிமிடம், தண்ணீரின் குளிர், எத்தனை பாரோடு இறங்கினீர்கள், எத்தனை பாரில் திரும்பினீர்கள், எத்தனை பாரோடு படகேறினீர்கள். அடுத்த டைவின் கணக்கில் நான் சொன்ன 20 லிட்டரை அடித்துவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து கிடைக்கும் உங்கள் எண்ணைப் போடுங்கள்.