மடக்கு லத்தியும் கைவிலங்கும் தேர்ந்தெடுப்பது எப்படி? எல்லை நிலையங்களின் புதிய காவலர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

புளியரைச் சோதனைச்சாவடிக்குப் புதிதாக வரும் இளம் காவலர்கள், முதல் சம்பளம் கைக்கு வந்ததும் மடக்கு லத்தி (குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் உருக்குத் தடி) எங்கே கிடைக்கும், எந்தக் கைவிலங்கு உறுதியானது என்று விசாரிப்பது வழக்கம். செங்கோட்டை வட்டாரத்தின் கேரள எல்லை நிலையங்களில் நெடுங்காலம் பணியாற்றி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் சொல்லி வந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கடைக்குப் போகிறவர்கள் லத்தியை வீசி விரித்துப் பார்க்கிறார்கள். விலங்கைப் பூட்டிப் பார்க்கிறார்கள். எந்த லத்தியும் விரியும், எந்த விலங்கும் பூட்டும். லத்தி எப்படி மடங்குகிறது, விலங்கு எப்படித் திறக்கிறது என்பதைச் சோதித்தால்தான் அவற்றின் தரம் தெரியும்.

முதல் படி: அனுமதியும் சட்டமும்

துறை வழங்கும் கருவி இருக்கும்போது சொந்தமாக வாங்குவதற்கு நிலைய ஆய்வாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். நிலையத்துக்காக வாங்குவதாக இருந்தால், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் வைக்க வேண்டிய தொழில்நுட்பக் குறிப்பை எழுதவும் கீழே சொல்லப்போகும் சோதனைகள் உதவும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3)-ஆம் பிரிவு, யாருக்கு விலங்கு பூட்டலாம் என்பதைக் குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் வைத்து வரையறுக்கிறது. தொடர்ந்து குற்றம் புரிபவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, வன்புணர்வு, அமிலத் தாக்குதல், போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கள்ள நோட்டு முதலிய குற்றங்களைச் செய்தவர் ஆகியோர் அதில் வருகிறார்கள். நம் எல்லையில் அன்றாடம் பிடிபடும் இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சா மூட்டையோடு பிடிபட்டவர் இந்தப் பட்டியலுக்குள் வருவார். ரேஷன் அரிசி ஏற்றிக் கேரளத்துக்குப் போன வண்டியின் ஓட்டுநர், முதல் முறை பிடிபட்டவராக இருந்தால், வரமாட்டார். பட்டியலில் இருப்பவருக்கும் தானாகவே விலங்கு என்று பொருள் கொள்ளக் கூடாது. தப்புவதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொல்கிறது.

கைதிகளுக்கு விலங்கு பூட்டுவது பற்றிய பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் ஒவ்வொரு காவலரும் படித்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத நிலையில்தான் விலங்கு, அதற்கான காரணத்தை அப்போதே எழுதி வைக்க வேண்டும், நீதிபதியின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்பது அதன் சாரம். அதை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேரளத்தின் பாலக்காட்டில் பிறந்தவர். மலையின் அந்தப் பக்கத்திலும் விலங்குக்கு விலங்கு என்றே பெயர். ஆரியங்காவு காவலரிடம் இதைப் பற்றிப் பேச மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இரண்டாம் படி: லத்தியின் நீளம்

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை 16, 21, 26 அங்குல நீளங்கள். விரித்த நிலையில் உள்ள அளவே பெயராக வழங்குகிறது. தொடக்க நிலைக் காவலருக்கு 21 அங்குலம் போதும் என்பது என் உறுதியான கருத்து. மடக்கினால் ஏறத்தாழ எட்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஜீப்பில் உட்காரும்போது இடுப்பைக் குத்தாது. பேருந்தின் நடுவழியிலும், வரிசையாக நிற்கும் இரண்டு கனிம லாரிகளின் இடுக்கிலும் 26 அங்குல லத்தியைக் கையாள இடம் இருக்காது. 16 அங்குலம் சாதாரண உடைப் பணிக்குப் பொருந்தும். சீருடைப் பணியில் எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே போதிய தூரத்தை அது தராது.

குற்றாலம் சீசன் கூட்டத்துக்கும் ஐயப்ப பக்தர்கள் வரும் மாதங்களின் நெரிசலுக்கும் இந்தக் கருவியை நினைக்கவே வேண்டாம். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நீண்ட லத்தியைக் குறுக்கே பிடித்து நிற்பதுதான் முறை. உருக்குக் குழாயின் அடி எலும்பை உடைக்கும். அதனால்தான் பயிற்சியில் தொடை, கெண்டைக்கால் ஆகிய பெரிய தசைகளை மட்டுமே இலக்காகக் காட்டுகிறார்கள். தலை, கழுத்து, முதுகெலும்பு, விலாவுக்குக் கீழுள்ள சிறுநீரகப் பகுதி ஆகியவற்றில் விழும் அடி உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் படி: லத்தியின் பூட்டு

உராய்வுப் பூட்டு, பொத்தான் பூட்டு என இரண்டு வகைகள் உண்டு. உராய்வுப் பூட்டில், நுனி நோக்கிச் சற்றே குறுகும் மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும்; வேகமாக வீசும்போது உள்குழாய் வெளிக்குழாயின் வாயில் இறுகிக்கொள்ளும். மடக்க வேண்டுமானால் நுனியைக் கடினமான தரையில் செங்குத்தாகக் குத்த வேண்டும். வயல் வரப்பில், மழையில் ஊறிய மண் சாலையில் இது நடக்காது. விரித்த லத்தியோடு கல்லைத் தேடி அலைந்த காவலர்களைப் பார்த்திருக்கிறேன். பொத்தான் பூட்டில், பிடியின் அடிப்பக்கப் பொத்தானை அழுத்தியபடி நுனியைக் கையாலேயே உள்ளே தள்ளிவிடலாம். விலை கூடுதல், மணல் புகுந்தால் சிக்கும், ஆனாலும் நிலைமை தணிந்ததும் சத்தமில்லாமல் மடக்க முடிகிற கருவி என்பதால் பொத்தான் வகையையே பரிந்துரைக்கிறேன். தரையில் ஓங்கிக் குத்தும் செயல், தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு மீண்டும் அடிக்கப் போவதைப் போலத் தோன்றும்.

வாங்கும் முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். மடக்கிய லத்தியின் நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்துக் குலுக்குங்கள். தானாக நழுவி விரிந்தால் வேண்டாம். விரித்து, நுனியை மேசைமேல் ஊன்றி உடல் எடையைச் சற்றுக் கொடுங்கள். பொத்தான் வகை ஒரு நூல்கூட உள்ளே போகக் கூடாது. பிறகு உள்ளங்கையை ஈரமாக்கிக்கொண்டு வீசிப் பாருங்கள். பளபளப்பான வெற்று உலோகப் பிடி வழுக்கும், ரப்பர் பிடி நிற்கும். சாரல் அடிக்கும் ஊரில் இந்த மூன்றாவது சோதனையை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: கைவிலங்கு

இரண்டு வளையங்களைச் சங்கிலி இணைப்பது ஒரு வகை, கீல் இணைப்பது மற்றொரு வகை. கீல் வகை கைகளின் அசைவை அதிகம் கட்டுப்படுத்தும். அதைச் சரியாகப் பூட்டப் பழக்கம் வேண்டும். புதியவர்கள் சங்கிலி வகையில் தொடங்குவது நல்லது. நிக்கல் பூச்சு பூசிய உருக்கு மலிவு, ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்குக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் போகாது.

இதில் நான் விட்டுக்கொடுக்காத அம்சம் இரட்டைப்பூட்டு. சாதாரணமாகப் பூட்டிய விலங்கின் பற்கள் இறுகும் திசையில் மட்டும் நகரும், பின்னோக்கி வராது. அதாவது, அழுத்தம் படப்பட அது மேலும் மேலும் இறுகிக்கொண்டே போகும். சாவியின் தலையில் உள்ள சிறு முள்ளால் விலங்கின் ஓரத்து ஊசியை அழுத்தினால், உள்ளே ஒரு தகடு நகர்ந்து பற்களைப் பிடிக்கும் நெம்பை அசையாமல் நிறுத்திவிடும். அதன் பிறகு விலங்கு இறுகவும் செய்யாது, தளரவும் செய்யாது. மெல்லிய தகட்டை நுழைத்துத் திறக்கும் வித்தையும் பலிக்காது.

இதை நான் ஒருவருடைய கையில் கற்றேன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து ஒரு கைதியை வழிக்காவலில் அழைத்து வந்தபோது அவசரத்தில் இரட்டைப்பூட்டுப் போடாமல் விட்டுவிட்டேன். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் முன்கம்பியைப் பிடித்துச் சமாளித்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பல் இறுகியிருக்கிறது. செங்கோட்டையில் இறங்கும்போது மணிக்கட்டுச் சதை வீங்கிச் சாவித் துளையை மூடியிருந்தது. சதையை விரலால் ஒதுக்கிச் சாவியை நுழைக்கும்வரை அவர் சத்தம் போடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலின் பின்பக்கம் பல நாட்கள் மரத்துப் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. மணிக்கட்டின் ஓரமாகத் தோலை ஒட்டிச் செல்லும் நரம்பு நசுங்கினால் அப்படித்தான் ஆகும். தவறு என்னுடையது.

ஆகவே கடையிலேயே இதைச் செய்யுங்கள். விலங்கு வளையத்தின் அசையும் பல் பகுதியை முப்பது முறை முழுச் சுற்று விடுங்கள்; கிட் கிட் என்ற ஒலி ஒரே சீராக வர வேண்டும், இடையில் திக்கினால் பற்கள் சரியில்லை. உள்விளிம்பில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அது தோலைக் கிழிக்கும். இரட்டைப்பூட்டுப் போட்டு இரு பக்கமும் அழுத்துங்கள். ஒரு பல்கூட நகரக் கூடாது. அடுத்து சாவி: ஒரு பக்கம் திருப்பினால் இரட்டைப்பூட்டு விடுபட வேண்டும், மறுபக்கம் திருப்பினால் விலங்கு திறக்க வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு, விரல் தடவலிலேயே செய்ய முடிகிறதா என்று பாருங்கள். இரவில் டார்ச் இல்லாத வேளை வரும்.

ஐந்தாம் படி: உங்கள் கையில் பூட்டிப் பாருங்கள்

சாவியைச் சக காவலரிடம் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் விலங்கோடு உட்காருங்கள். பிறகு கைகளைப் பின்னால் பூட்டி ஜீப்பில் ஒரு சுற்று வாருங்கள். வளையத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலின் நுனி நுழையும் அளவு ஏன் வேண்டும் என்பது அப்போது புரியும். பின்னால் பூட்டியவரைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு நகரக் கூடாது என்பதற்கும் காரணம் விளங்கும். அந்த நிலையில் மூச்சு திணறி உயிர் போகும் அபாயம் உண்டு.

ஆறாம் படி: அணிவதும் பராமரிப்பதும்

துப்பாக்கி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் லத்தி உறை, இரு கையும் எட்டும் இடத்தில் விலங்கு உறை. ஒரு சாவி உங்களிடம், மற்றொன்று உடன் வரும் காவலரிடம். ஆனி, ஆடி மாதங்களில் சாரலில் நனைந்த லத்தியை விரித்தபடியே துடைத்து உலரவிடுங்கள். உராய்வுப் பூட்டு லத்தியின் குழாய்களில் எண்ணெய் தடவாதீர்கள், தடவினால் பூட்டு நிற்காது. விலங்கின் நெம்புக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். விலங்கைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் பூட்டியதற்கான காரணம், பூட்டிய நேரம், இரட்டைப்பூட்டுப் போட்ட விவரம், கழற்றிய நேரம், கழற்றியபோது மணிக்கட்டு இருந்த நிலை ஆகியவற்றை நிலையப் பொது நாட்குறிப்பில் அன்றே எழுதிவிடுங்கள்.